பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு நம்பர்

என் கைபேசி எண் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது நான்கு நாள். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் சிம் வாங்கினேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை காஸ் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனாள். அதில் ஃபோன் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அவளிடமும் ஃபோன் இருந்தது. ஆனாலும் அந்தக் கட்டத்தில் என் எண்ணைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"நம்பர் குடுத்தா அவன் விளிப்பான். விளிச்சா ஏதாச்சும் கேப்பான். கேட்டா பதில் சொல்லணும். அதுக்குப் படிச்சவன் வேணும்லே?" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருக்கும் இடத்தை லைன் என்பார்கள். ஒரே கூரையை நீளமாக இழுத்து, நடுவில் சுவர் வைத்துப் பன்னிரண்டாகப் பிரித்த வீடுகள். பாதிப் பேர் கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவர்கள், சாக்கடை வாருகிறவர்கள். மீதிப் பேர் கிடைத்த வேலை செய்கிறவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. வீட்டுக்குள் தமிழ், வாசலில் மலையாளம், சண்டை முற்றினால் இரண்டும். நான் படித்ததும் மலையாள மீடியம்தான். தமிழ் எழுத்தை அப்புறம் நானாகக் கூட்டிக் கூட்டிப் பழகினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். லைனில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். அதனால் ரேஷன் அட்டையா, வோட்டர் பட்டியலா, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற காகிதமா, எங்கே நம்பர் கேட்டாலும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் மனப்பாடமாகச் சொன்னது என் நம்பரைத்தான். தங்கள் சொந்த நம்பர் பலருக்குத் தெரியாது. என்னுடையதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

வந்த அழைப்புகளில் எனக்கானது அபூர்வம். மூன்றாம் வீட்டுக் குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி போட நேரமாகிவிட்டது என்று ஆரோக்கிய நிலையத்திலிருந்து என்னைக் கண்டிப்பார்கள். ஏழாம் வீட்டு அண்ணனின் பெண்பார்க்கும் விஷயமாக ஒரு தரகர் என்னிடம் நட்சத்திரம் கேட்பார். டிரைவிங் ஸ்கூல்காரர் நான் எட்டுப் போடுவதில் பின்தங்கியிருப்பதாக வருத்தப்படுவார். நான் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மாலையில் வீடு வீடாகப் போய் ஒப்பிப்பேன். அதுவரை அது ஒரு சேவைதான்.

அம்மாவின் கண்ணில் பூ விழுந்த பிறகு நிலைமை மாறியது.

அம்மா கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறாள். விடிவதற்குள் ரோட்டில் நிற்க வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது. ஒரு காலை இருட்டில் பால் கொண்டுபோகிற ஸ்கூட்டர் அவளை உரசிக்கொண்டு போனது. ஸ்கூட்டர் வந்ததே தனக்குத் தெரியவில்லை என்று அவள் வீட்டில் சொல்லவில்லை, சூப்பர்வைசர் வந்து சொன்னார். நல்ல மனிதர். "சேச்சி, மழைக்கு முன்ன கண்ணைச் சரியாக்கு. மழையில வெளிச்சமே இருக்காது. உன்னை அந்த ரோட்டுல நிறுத்த எனக்குப் பேடி" என்று பயத்தோடு சொன்னார். ரோட்டிலிருந்து எடுத்துவிட்டால் வேறெங்கே போடுவார்கள் என்று அவருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பரிசோதனையெல்லாம் முடிந்தது. ஆபரேஷனுக்குப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், முறை வரும்போது ஃபோன் செய்வார்கள். நர்ஸ் அம்மா தெளிவாகச் சொன்னார்: முதல் நாள் கூப்பிடுவோம், மறுநாள் வர வேண்டும், ஃபோன் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சீட்டில் இரண்டு நம்பர் கேட்டார். முதல் நம்பர் என்னுடையது. அம்மாவிடம் ஃபோன் இல்லை. இரண்டு கையும் துடைப்பத்தில் இருக்கிறவளுக்கு அது எதற்கு என்று வாங்கவில்லை. அப்பா தன் நம்பரைக் கொடுக்க மாட்டார். அதனால் இரண்டாவதாக அத்தையின் நம்பரைக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து எந்த அழைப்பையும் என்னால் விட முடியவில்லை. எந்த எண்ணிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடும் என்று யாருக்குத் தெரியும்? நான் எர்ணாகுளத்தில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கிளார்க். மேசையில் ஃபோன் அதிர்ந்தவுடன் எழுந்து வராந்தாவுக்கு ஓடுவேன். எடுத்தால், எனக்குத் தனிநபர் கடன் அனுமதியாகிவிட்டது என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்வாள். திரும்பி வந்து உட்கார்வதற்குள் அடுத்தது. மேனேஜர் ஒருநாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கல்யாண ஆலோசனை ஏதும் உண்டோ?" என்று கேட்டார்.

படித்தவன் இல்லையா, சட்டப்படி ஒரு வழி கண்டேன். தொந்தரவு வேண்டாம் என்று நம் எண்ணைப் பதிந்து வைக்கும் பட்டியல் ஒன்று அரசாங்கத்தில் இருக்கிறது. டிஎன்டி என்பார்கள். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், விளம்பரம் செய்கிற கம்பெனிகள் நம்மைக் கூப்பிடக்கூடாது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுக்கலாம். வங்கி, வீடு மனை, படிப்பு, ஆரோக்கியம், சுற்றுலா என்று வகை பார்த்தும் தடுக்கலாம். நான் ஒரு மாலை முழுதும் அந்த வகைகளை யோசித்தேன். ஆரோக்கியத்தைத் தடுத்தால் ஆஸ்பத்திரி அழைப்பும் நின்றுவிடுமோ? கஸ்டமர் கேரில் கேட்டேன். அதெல்லாம் நிற்காது, ஆஸ்பத்திரி நோயாளியைக் கூப்பிடுவது விளம்பரத்தில் சேராது என்றார்கள். நம்பிக்கை வரவில்லை. ஆரோக்கியத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு மற்ற எல்லா வகைகளையும் அடைத்தேன்.

லைனில் செய்தி பரவியது. "கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துட்டான், இனி எவனும் விளிக்க முடியாது" என்று அத்தை குழாயடியில் அறிவித்தாள். ஏழாம் வீட்டு அண்ணன் முகம் வாடி வந்தான். "டேய், தரகரையும் சேர்த்து அடைச்சிட்டியா?" அவனைத் தேற்றி அனுப்பவேண்டியிருந்தது.

பதிவு நடைமுறைக்கு வர ஒரு வாரம் ஆகும் என்று இருந்தது. ஒரு வாரம் காத்திருந்தேன். எட்டாம் நாள் காலை ஃபோன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு ஓடினேன். முடி வளர்கிற எண்ணெய். நான் திறந்து வைத்த ஆரோக்கியக் கதவு வழியாக முறைப்படி வந்திருந்தார்கள். அதன் பிறகு முட்டுவலித் தைலம், சர்க்கரைக்குப் பாகற்காய்ப் பொடி, வெளியில் சொல்லக்கூடாத ஒரு லேகியம். லேகியத்துக்காரர் என் வயதைக் கேட்டுவிட்டு, இப்போதே தொடங்குவது நல்லது என்றார்.

மற்ற கதவுகளும் சரியாக அடைபடவில்லை. பட்டியலை மதித்து நடக்கிற கம்பெனிகள் நின்றுவிட்டன, அது உண்மை. ஆனால் மதிக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் நம்மைப் பெரிதாகத் தொல்லை செய்ததில்லை. சாதாரண மொபைல் நம்பரிலிருந்து கூப்பிடுகிறவனுக்குப் பட்டியலும் தெரியாது, அரசாங்கமும் தெரியாது. புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. கொடுத்தேன். கூப்பிட்ட எண், தேதி, நேரம், என்ன பேசினார்கள் என்பதன் சுருக்கம், எல்லாம் முறையாக. இரண்டு நாளில் பதில் வந்தது: தங்கள் ஒப்புதலின் பேரிலேயே தங்களை அழைத்திருக்கிறார்கள், புகார் முடித்துவைக்கப்பட்டது.

நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? கூப்பிட்ட கார் கம்பெனிப் பெண்ணையே அடுத்த தடவை கேட்டேன். அவள் கம்ப்யூட்டரில் பார்த்து ஒரு பெயர் சொன்னாள். அப்பாவின் பெயர்.

அப்பா பஜாரில் மிளகு, சுக்கு மூட்டை தூக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு இடப்பள்ளிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே பெரிய மாலில் ஏசிக் காற்றில் நடந்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார். அங்கே ஒரு மேடையில் கார் ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் பரிசுக் கூப்பன் பெட்டி. அன்று மாலை சாயா குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"கூப்பன்ல என் நம்பரா எழுதச் சொன்னீங்க?"

"பின்னே? கார் விழுந்தா யாரு பேசுறது?"

"எத்தன கூப்பன் போட்டீங்க?"

"அத எண்ணிட்டா இருப்பாங்க? பெட்டியக் கண்டா போடுறதுதான்."

"உங்க நம்பரைப் போட்டிருக்கலாமே!"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "என் நம்பரா? எதுக்கு, வெறுதே கண்டவனும் விளிச்சுத் தொந்தரவு பண்ணவா?"

அம்மா உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாவுக்கு நகைச்சுவை தெரியாது. அவர் நிஜமாகத்தான் கேட்டார். விசாரித்தபோது லைனில் பாதிப் பேர் நகைக்கடை, துணிக்கடை, பர்னிச்சர் கடை என்று திறப்புவிழாப் பெட்டிகளிலெல்லாம் என்னைப் போட்டிருந்தார்கள். கூப்பனின் கீழே பொடி எழுத்தில், என்னைக் கூப்பிடலாம் என்று நான் சம்மதித்திருப்பதாக அச்சிட்டிருக்கும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாததால்தான் என் நம்பரைக் கொடுத்தார்கள். பட்டியலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதன் கணக்கில் ஒரு நம்பர் என்றால் ஓர் ஆள்.

இங்கேதான் எனக்கு வீம்பு ஏறியது. ஒப்புதல் இல்லாமல் கூப்பிடுகிறவர்களையாவது விடக்கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். யார் கூப்பிட்டாலும் உடனே வைப்பதில்லை. கம்பெனிப் பெயர், அலுவலகம் எங்கே, மேலதிகாரி யார், என் எண் எந்தப் பட்டியலிலிருந்து கிடைத்தது என்று நயமாகப் பேசி ஒவ்வொன்றாக வாங்குவேன். அவர்களுக்கு என்னை மிகவும் பிடித்துப்போனது. நாள் முழுவதும் திட்டு வாங்குகிறவர்களிடம் ஒருவன் பொறுமையாக, அப்புறம் சொல்லுங்கள் என்றால் விடுவார்களா?

அத்தையின் ஃபோனுக்கும் அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தன. ஒருநாள் யாரோ பேங்க் என்று சொல்லி அவளிடம் கார்டு நம்பர் கேட்டானாம். அவள் பயந்துபோய் என்னிடம் வந்தாள். நான் அவளுக்கு மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். கூப்பிடுகிறவர்கள் மலையாளத்தில் பேசுவார்கள் என்பதால் மலையாளத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒன்று, இந்த நம்பர் டிஎன்டியில் இருக்கிறது. இரண்டு, பேரும் வயசும் விலாசமும் சொல்ல முடியாது. மூன்று, இன்னொரு முறை கூப்பிட்டால் கம்ப்ளைண்ட் கொடுப்பேன்.

"மெதுவாச் சொல்லாதீங்க அத்தை, கண்டிப்பாச் சொல்லணும்."

"எனக்கா கண்டிப்பாச் சொல்லத் தெரியாது? உங்க மாமா கிட்டக் கேளு."

அவள் இடக்கொச்சியில் இறால் உரிக்கிற செம்மீன் கம்பெனியில் வேலை செய்கிறாள். கை எப்போதும் ஈரம் என்பதால் ஃபோனை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிப் பேசுவாள். இன்ஷூரன்ஸ்காரன் ஒருவனிடம் அவள் முதன்முதலாக மூன்று வாக்கியத்தையும் சொன்னபோது, மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கை தட்டினார்களாம். அவளுக்கு அது பிடித்துவிட்டது.

நாட்கள் போயின. வானம் மத்தியானத்துக்கு மேல் கறுக்கத் தொடங்கியது. அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பாள், அதுவும் பக்கத்தில் வந்து.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பையன் கூப்பிட்டான். இடப்பள்ளியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஆரோக்கியம் அல்ல, வீடு மனை. நான் அடைத்து வைத்த வகை. கூப்பன் ஒப்புதலும் கிடையாது. இதைவிடச் சுத்தமான குற்றம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. நோட்டைத் திறந்தேன். கம்பெனிப் பெயரைச் சொன்னான், மேலதிகாரியைச் சொல்லத் தயங்கினான். நான் பால்கனி எந்தத் திசை என்று கேட்டேன், லிஃப்ட் உண்டா என்று கேட்டேன். அவன் உருகிப்போனான். இந்த மாதம் தன்னிடம் யாருமே இவ்வளவு நேரம் பேசவில்லை என்றான். நடுவில் இரண்டு தடவை, வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று காதில் பீப் பீப் என்றது. இன்னொரு தொல்லை என்று நினைத்தேன். கையில் இருப்பவனை முதலில் முடிப்போம்.

அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வைத்துவிட்டுப் பார்த்தால் பீப் அடித்தது ஒரு லேண்ட்லைன் எண். திருப்பிக் கூப்பிட்டேன், இந்த எண்ணுக்கு அழைப்பு போகாது என்றது. இப்படித்தான் மறைந்திருந்து கூப்பிடுவார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஃபிளாட் பையனின் பெயருக்குக் கீழே அந்த எண்ணையும் எழுதி, இரண்டையும் சேர்த்துப் புகார் அனுப்பினேன். சாப்பாட்டு இடைவேளைக்குள் முடித்துவிட்ட திருப்தி.

மாலையில் வீட்டில் நானும் அப்பாவும் இருந்தோம். அம்மா கப்பைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தை வேலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். செம்மீன் வாடை அவளுக்கு முன்னால் வந்தது.

"மோனே, இன்னைக்கு ஒருத்திய ஓட்டுனேன் பாரு! நீ இருந்திருக்கணும்."

"யாரு அத்தை? பேங்கா?"

"பேங்கெல்லாம் பழசு. இவ பெரிய கள்ளி. கண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லுறா. உங்கம்மா பேரச் சொல்லி, வயசு அம்பத்திரெண்டுதானேன்னு கேக்குறா. வீடு மட்டாஞ்சேரிதானேன்னு கேக்குறா. எங்கிருந்துதான் பிடிக்குறாளுகளோ! நான் விடுவேனா? பேரு, வயசு, விலாசம் மூணும் சொல்ல முடியாதுன்னேன். நாளைக்குக் காலையில வரணும்னா. நீ வாடீ இங்க, கம்ப்ளைண்ட் குடுக்குறேன்னு சொன்னேன். வச்சிட்டா. எல்லாரும் கை தட்டுனாங்க."

கப்பையின் தோல் அம்மாவின் கத்தியில் பாதி தொங்கிக்கொண்டு நின்றது.

"கண்ணு ஆஸ்பத்திரின்னா சொன்னா?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"அய்யோ. நெசமாவே ஆஸ்பத்திரியாடா?"

நான் நோட்டைத் திறந்து அந்த லேண்ட்லைன் எண்ணைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டின் தலைப்பில் இருந்த எண்ணும் அதேபோலத்தான் தொடங்கியது. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வேறு. அம்மாவின் கண்ணுக்காக நாற்பது நாளாக ஓடி ஓடி ஃபோன் எடுத்தவன், அந்த ஒரே ஃபோன் வந்தபோது இடப்பள்ளி ஃபிளாட்டின் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். போதாததற்குக் கண் பிரிவின் மேல் புகாரும் கொடுத்திருந்தேன்.

அதை நான் சொன்னதும் அப்பா யோசித்துவிட்டு, "அந்தம்மாவுக்கு ஜெயில் ஏதும் கிடைக்குமா?" என்றார்.

"போதும், நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா. கப்பையை உரித்து முடித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தோப்பும்படிப் பாலம் கடந்து எர்ணாகுளம் போனோம். அத்தை கேட்காமலேயே கூட வந்தாள். கண் பிரிவின் ஜன்னலில் அதே நர்ஸ் அம்மா. சீட்டை நீட்டினேன். அவர் பெயரைப் படித்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஓ! நிங்களாணோ அந்த டிஎன்டி?"

அத்தை தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தலையை மட்டும் நீட்டி, "ஞானாணு மோளே, நான்தான்" என்றாள்.

"சேச்சி, எத்தனையோ வருஷமா நான் இந்த ஃபோன்ல பேசுறேன். போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பேன்னு இதுவரை யாரும் சொன்னதில்ல."

"போலீஸ்னு நான் சொல்லலே மோளே. கம்ப்ளைண்டுன்னுதான் சொன்னேன்."

பக்கத்தில் இருந்த இன்னொரு நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். ஆனால் இவர் சிரிக்கவில்லை. அம்மாவின் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. முதல் மணியிலேயே ஃபோன் எடுத்தாராம். அவர் இப்போது உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார். பட்டியல் அடுத்த மூன்று வாரத்துக்கு நிறைந்திருக்கிறது, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பட்டியல், ஒப்புதல், கூப்பன் என்று எனக்குத் தெரிந்த நல்ல மலையாளத்தில். அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக விலக்கிவிட்டு ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"மோளே, இவன் சொல்லுறது எனக்கும் மனசிலாகாது. எனக்கு ரோட்டுலதான் வேலை. மழை வந்தா வண்டி வர்றது தெரியாது. முன்ன ஒருக்கா இடிச்சாச்சு. அவ்வளவுதான்."

நர்ஸ் அம்மா பேனாவை மேசையில் தட்டினார். ஆபரேஷன் நாளில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ ஏறியிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். அந்த இடம் காலியாகும். செவ்வாயும் வியாழனும் காலை ஏழரைக்கு, எல்லாக் காகிதத்தோடும் வந்து இந்தப் பெஞ்சில் உட்காருங்கள், கிடைத்தால் கிடைக்கும் என்றார்.

"சரி மேடம். ஃபோன் நம்பர் வேற ஒண்ணு தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டா. அந்த லைனுக்கு இனி நான் ஃபோன் செய்ய மாட்டேன்."

அன்று கிடைக்கவில்லை. வியாழக்கிழமை போனோம். எல்லோரும் குறித்த நேரத்துக்கு வந்தார்கள், எல்லோருக்கும் பிரஷர் சரியாக இருந்தது. கேரளத்தில் இவ்வளவு ஆரோக்கியமானவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தை மறுபடியும் சம்பளம் இல்லாத லீவு போட்டு வந்திருந்தாள். எதிர்ப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தவர்களை அளந்துகொண்டே இருந்தாள்.

"அந்தக் கடைசி ஆளப் பாரு. முகம் ஊதியிருக்கு. நிச்சயம் சுகர் இருக்கும்."

"வாயை மூடு. அடுத்தவனுக்கு நோய் வரணும்னு வேண்டுற இடமா இது?" என்றாள் அம்மா.

"நோய் வரணும்னு யாரு சொன்னா? இருக்குறது இன்னைக்குக் கொஞ்சம் கூடட்டும்னுதான் சொன்னேன்."

அந்த ஆள் சிரித்த முகத்தோடு உள்ளே போனார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு விஷயம் செய்தேன். ஃபோனை அணைத்தேன். இனி எந்த அழைப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கூப்பிட வேண்டியவர் பத்தடி தூரத்தில் ஜன்னலுக்குள் இருந்தார். எந்தப் பட்டியலில் பதிந்தும் கிடைக்காத அமைதி அது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு மேலே, கைபேசியை அணைத்து வைக்கவும் என்று எழுதியிருந்தது. அதை நான் அதுவரை படிக்கவில்லை.

அடுத்த செவ்வாய், ஒன்பது மணிக்கு ஓர் அம்மாள் உள்ளேயிருந்து முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள். முந்தின நாள் மருமகள் வீட்டு வளைகாப்பில் பாயசம் குடித்திருக்கிறாள். சர்க்கரை எக்கச்சக்கம். நர்ஸ் அம்மா ஜன்னலில் எழுந்து நின்று, அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். அம்மா துள்ளி எழுந்தாள். ஆனால் நேராக உள்ளே போகவில்லை. அந்தப் பாயசம் குடித்த அம்மாளிடம் போய், "ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, அடுத்த வாரம் கிடைச்சிடும்" என்று ஏதோ தானே தப்பு செய்தவள் போலச் சொன்னாள். அத்தை பின்னாலிருந்து தள்ளினாள். "போ, போ! நின்னா உனக்கும் ஏறிடும்."

ஆபரேஷன் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குத் தூசி ஆகாது. கூட்டுகிற வேலைக்கு அதன் பிறகு போகலாம். சூப்பர்வைசரிடம் சீட்டைக் காட்டினேன், லீவு எழுதிக்கொண்டார். வலது கண்ணை வேறொரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது நர்ஸ் அம்மா சற்றே இறங்கி வந்தார். முதல் நாள் நினைவுபடுத்த ஒரு ஃபோன் செய்யட்டுமா என்று கேட்டார்.

"வேண்டா மோளே" என்றாள் அம்மா. "ஞங்ஙள் வந்நோளாம்." நாங்களாகவே வந்துவிடுவோமாம்.

மழை அதற்கு அடுத்த வாரம் தொடங்கியது. காலை ஆறு மணி, ஆனால் விடிந்த மாதிரியே இல்லை. அம்மா வாசல்படியில் முக்காடு போட்டு, இடது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பதிலாகப் போட்டிருந்த பெண் ரெயின்கோட்டுடன் எதிர்ச் சாரியில் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நானும் சொன்னேன்.

"சும்மா இரு" என்றாள் அம்மா. பிறகு மழைக்கு மேலாகக் குரலை உயர்த்தி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்: "மோளே! லைட் போஸ்ட்டுக்குப் பின்னால ஒரு கவர் கெடக்கு பாரு. நீலக் கவர். அதையும் எடு!"